முக்திநாத்துக்கு நாற்பது நிமிடம்

இமயமலைக்கு ட்ரெக்கிங் குழு அழைத்துப் போகிறவர்களுக்கும், அதே மலைக்கு யாத்திரைக் குழு அழைத்துப் போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவது தெரிந்தேதான். ஒருவர் விளம்பரத்தில் பனிச்சிகரம் இருக்கும். இன்னொருவர் விளம்பரத்தில் பெருமாள் இருப்பார். ஆனால் நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், ரானிபௌவா என்கிற சின்ன ஊரின் தெருவில், இரண்டு குழுவும் வந்து நிற்கின்றன. ஒன்று தோரோங் லா கணவாயிலிருந்து முட்டி நோக இறங்கி வருகிறது. மற்றது ஜொம்சோமிலிருந்து ஜீப்பில் ஏறி வருகிறது. இரண்டுமே பக்கத்திலிருக்கும் முக்திநாத் கோயிலை எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகின்றன.

எங்கள் வீட்டில் இரண்டு விதமாகவும் ஓடியவர்கள் உண்டு. நான் ட்ரெக்கிங் குழுவோடு போனேன். நான் சொன்ன கதைகளைக் கேட்டு ஆசைப்பட்டு, அடுத்த வருடம் அம்மா யாத்திரைக் குழுவோடு போனார். திரும்பி வந்து இருவரும் சமையலறையில் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். எனக்கு முக்திநாத்தில் கிடைத்தது நாற்பது நிமிடம். அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரம், அதில் பாதி வரிசையில்.

நான் போனது பதினைந்து நாள் பயணம். வாட்ஸப்பில் வந்த நிகழ்ச்சி நிரலில் 'அன்னபூர்ணா சர்க்யூட் ட்ரெக் + காத்மாண்டு கல்ச்சர் டூர்' என்று போட்டிருந்தது. அந்தக் கூட்டல் குறியைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். மலையும் வேண்டும், மலையில் இருக்கிற மனிதர்களையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். பெசிசஹாரில் தொடங்கி முக்திநாத் வரை நடை, அங்கிருந்து ஜீப்பில் பொக்காரா, கடைசி இரண்டு நாள் காத்மாண்டில் 'கல்ச்சர்'.

என் வழக்கு அந்தக் கூட்டல் குறியோடுதான். பன்னிரண்டு நாள் மலையில் நாங்கள் கடந்துபோன ஊர் எதையும் உங்கள் நிகழ்ச்சி நிரல் தாள் பண்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. அவையெல்லாம் சாப்பிடவும் படுக்கவும் உள்ள இடங்கள், அவ்வளவுதான். மலையிலிருந்து இறங்கி, குளித்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வேனில் ஏறிப் பார்ப்பதற்குப் பெயர்தான் கல்ச்சர். நடந்த பாதை முழுக்க அது கொட்டிக்கிடந்தது, நீங்கள் எங்களை அதன் மேலேயே நடத்திக் கூட்டிப் போனீர்கள் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பெசிசஹார் 760 மீட்டர் உயரம். நாங்கள் போனபோது தசைன் பண்டிகை. கீழே நெல் வயல்கள், குருங் மக்களின் ஊர்கள். ஊருக்கு ஊர் மூங்கிலை நட்டு உயரமாக ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். ஒரு டீக்கடையில் பாட்டி ஒருவர் எங்கள் கைடின் நெற்றியில் தயிரும் அரிசியும் சிவப்பும் குழைத்து அப்பினார், காதில் மஞ்சள் நிற முளையைச் செருகினார். ஜமரா என்றார்கள். வெயில் படாமல் வீட்டுக்குள் வைத்து அம்மனுக்காக முளைக்கவிடுகிற பார்லி. நம்ம ஊர் முளைப்பாரிதான், வேறென்ன! வாயெடுத்து ஏதோ கேட்பதற்குள் குழுத்தலைவர் விசில் ஊதிவிட்டார். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு, அடுத்த ஊரில்.

தசைன் என்றால் உங்களுக்கு ஜீப் கிடைக்காத வாரம், கூலி ஏறுகிற வாரம். அந்தத் தலைவலி எனக்கும் புரிகிறது. ஆனாலும் நேபாளத்தின் மிகப் பெரிய பண்டிகைக்கு நடுவில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இது பண்டிகை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. எங்கள் மூட்டைகளைத் தலைப்பட்டையில் தாங்கி வந்த நான்கு பேரும் அந்த வாரம் வீட்டில் இருந்திருக்க வேண்டியவர்கள் என்பது எனக்கு எட்டாம் நாள்தான் தெரிந்தது. தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

சாமே தாண்டிப் போகப்போக நெல் நின்றது, சோளம் நின்றது, பாப்பர் என்கிற சிவந்த தண்டுப் பயிர் வந்தது. வட இந்தியாவில் விரதத்துக்குச் சாப்பிடும் குட்டு மாவு இதிலிருந்துதான் வருகிறது. பீசாங்கில் கூரைகள் தட்டையாகிவிட்டன. கீழே சரிந்த கூரை, இங்கே மொட்டைமாடி. ஏன் என்று கைடைக் கேட்டேன். அவர் கையை நீட்டி அன்னபூர்ணாவைக் காட்டினார். மழை மேகத்தை அந்த மலை தடுத்துவிடுகிறது. மலைக்குத் தெற்கே பொக்காராவை ஒட்டியுள்ள லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வடக்கே ஜொம்சோம் பக்கம் 300 மில்லிமீட்டர்கூட இல்லை. மழை இல்லாத ஊரில் சரிவுக்கூரை எதற்கு? மாடியில் தானியம் காயப்போடலாம், ஓரமாக விறகு அடுக்கலாம். கூரை மாறிய அதே இடத்தில் கடவுளும் மாறினார். ஊர் வாசலில் பிள்ளையாருக்குப் பதில் மந்திரம் செதுக்கிய கற்சுவரும் உருட்டும் சக்கரங்களும். அவற்றை வலமாகச் சுற்றிப் போக வேண்டும் என்பதுகூட எங்களில் பாதிப் பேருக்கு யாரும் சொல்லவில்லை. கோயில் பிரகாரத்தில் இடமாகச் சுற்றுகிறவரைப் பார்த்தால் நமக்கு எப்படியிருக்கும்?

இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் இந்தப் பாதைகளில் கைடு இல்லாமல் நடக்கக் கூடாது என்று நேபாளத்தில் விதி வந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு குழுவிலும் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் கைடு லாம்ஜுங்கைச் சேர்ந்த குருங்காரர். ஆறு நாள் அவர் பேசியதெல்லாம் தூரம், நேரம், தண்ணீர். நான் நச்சரித்த பிறகுதான் வாய் திறந்தார். "தீதி (அக்கா), கதை சொன்னால் குழு லேட் ஆகிறது, எனக்குத் திட்டு விழுகிறது" என்றார். அவருக்கு நீங்கள் கொடுத்த வேலை மேய்ப்பது.

மனாங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் மொத்த வாதமும் அந்த ஊரில்தான் இருக்கிறது.

மனாங் 3,540 மீட்டர். அங்கே ஒரு நாள் சும்மா இருந்தே ஆக வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், படுக்கிற உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, 1,000 மீட்டருக்கு ஒரு நாள் தங்கு என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. ஆக, நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உடம்புக்காக ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. எங்கள் தாளில் அந்த நாளுக்கு நேரே 'ரெஸ்ட் டே' என்று ஒரே வரி. குழுவில் பாதிப் பேர் சீட்டாடினார்கள், மீதிப் பேர் பேக்கரியில் உட்கார்ந்து போனை சார்ஜ் பண்ணினார்கள். நானும் காலையில் அதைத்தான் செய்தேன், பொய் சொல்வானேன்.

மதியம் மூன்று பேர் மட்டும் கைடோடு கிளம்பி, வந்த வழியே அரை மணி நேரம் திரும்பி நடந்து பிராகாவுக்குப் போனோம். பாறைச் சரிவில் தேனடை மாதிரி வீட்டுக்கு மேல் வீடு. உச்சியில் ஐந்நூறு வருடத்துக்கு மேல் பழைய கோம்பா, அதாவது பௌத்த மடம். சாவி ஊரில் ஒருவரிடம்; அவர் வயலில் இருந்தார்; வரும்வரை காத்திருந்தோம். உள்ளே வெண்ணெய் விளக்கின் வாசம், அரையிருட்டில் வரிசை வரிசையாகச் சிலைகள். எங்கள் மூவருக்கும் பேச்சே வரவில்லை.

ராத்திரி விடுதிக்காரர் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கதை சொன்னார். மனாங்காரர்கள் பல தலைமுறை வணிகர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நேபாள அரசர் கொடுத்த வணிகச் சலுகையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், பின்னாளில் பாங்காக், சிங்கப்பூர் வரை கடை விரித்தவர்கள். அவருடைய அப்பா பாங்காக்கில் கல் விற்றவராம். விளைச்சல் இல்லாத மண், வெளியே போய்ச் சம்பாதிக்கிற ஆண்கள், ஊரில் கட்டிய வீட்டில் காத்திருக்கும் பெண்கள். எனக்குக் காரைக்குடி ஞாபகம் வந்தது. இதைவிடப் பெரிய கல்ச்சர் டூர் எந்த வேனில் கிடைக்கும்? அதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை, ஒரு நாள் கூடுதல் லீவு இல்லை. ஏற்கெனவே இருக்கிற 'ரெஸ்ட் டே'தான்.

தோரோங் லாவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 5,416 மீட்டர், விடியும் முன் கிளம்பினோம், மூச்சு வாங்கியது, படம் எடுத்தோம். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தை அடித்த ஹுத்ஹுத் புயலின் மிச்சம் இரண்டு நாள் கழித்து இந்தக் கணவாயில் பனிப்புயலாக இறங்கி, சுற்றுவட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மலையில் ஒரு நாளாவது கையிருப்பில் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்தக் கையிருப்பு உங்கள் தாளில் எங்கே இருந்தது? 'கல்ச்சர் டூர்' என்ற பெயரில் கடைசி இரண்டு நாளாக. எங்களுக்கு ஜீப் பாதையில் மண் சரிந்து ஒரு நாள் போயிற்று. உடனே காத்மாண்டில் ஒரு நாளை வெட்டினீர்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, அந்த இரண்டு நாளும் ஆரம்பத்திலிருந்தே தாமதத்துக்கு வைத்த பலியாடு. கையிருப்பு நாள் என்றால் கையிருப்பு நாள் என்றே போடுங்கள். யாரும் சண்டைக்கு வர மாட்டோம்.

கணவாயிலிருந்து முக்திநாத்துக்குக் கிட்டத்தட்ட 1,600 மீட்டர் இறக்கம். சாயங்காலம் ஊரைத் தொட்டபோது என் கால்கள் என்னுடையதாக இல்லை. மறுநாள் ஏழு மணிக்கு ஜீப். ஆறு மணிக்கு ஓடிப்போய்க் கோயில் பார்த்தோம்.

எங்கள் பூஜை அறையில் பாட்டி காலத்துச் சாளக்கிராமம் ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கல். அதிலுள்ள சக்கரம் விஷ்ணுவுடையது, வஜ்ரகீடம் என்ற புழு குடைந்தது என்று பாட்டி சொல்லித்தான் வளர்ந்தேன். அந்தக் கல் இந்தக் காளி கண்டகி ஆற்றிலிருந்து வந்தது. திருமங்கையாழ்வார் தம் நெஞ்சைப் பார்த்துச் 'சாளக்கிராமம் அடை' என்று பாடிய தலம் இதுதான் என்கிறது வைணவ மரபு. நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. அதே கல்லை உடைத்தால் உள்ளே இருப்பது அம்மோனைட், கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான ஒரு கடல் உயிர். ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே டெத்திஸ் என்ற கடல் இருந்தது. இந்தியத் தட்டு வந்து முட்டியதில் கடலின் அடி மலையின் முடியாகிவிட்டது. பாட்டியின் புழுவும் புவியியலின் உயிரும் ஒரே சுருளில் இருக்கின்றன. இந்தக் கதையை, இந்த ஆற்றங்கரையில் வைத்து, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. திருச்சிக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.

நாற்பது நிமிடத்தில் நான் பார்த்தது: சின்னக் கோயில், அதன் பின்னால் மாட்டுமுகம் வைத்த 108 நீர்த்தாரைகள், எலும்பு வரை இறங்கும் குளிர். பார்க்காதது: பக்கத்திலேயே இருக்கும் ஜ்வாலா மாயி. அங்கே பாறையிடுக்கில் தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு நடுவில் இயற்கை வாயு நீலச்சுடராக எரிந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர்கள் பௌத்தப் பிக்குணிகள். நமக்கு ஶ்ரீமூர்த்தி, அவர்களுக்கு அவலோகிதேஸ்வரர்; ஒரே சன்னதி. திபெத்துக்குப் போகும் வழியில் பத்மசம்பவர் இங்கே தவமிருந்தார் என்பார்கள். எண்பத்துநான்கு சித்தர்கள் ஊன்றிவைத்த கோல்கள்தான் கோயிலைச் சுற்றி நெட்டையாக நிற்கும் மரங்கள் என்றும் சொல்வார்கள். பதினெண் சித்தர்களோடு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, காட்டினால் போதும். அம்மாவும் அந்தச் சுடரைப் பார்க்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடி ஜீப்பில் ஏறிவிட்டார்.

இனி யாத்திரைக் குழுக்காரர்களிடம். பொக்காரா 800 மீட்டரைச் சொச்சம். அங்கிருந்து காலையில் விமானத்தில் ஜொம்சோமில் இறக்கி, உடனே ஜீப்பில் ஏற்றி, மதியத்துக்குள் 3,700 மீட்டருக்கு எழுபது வயதுக்காரர்களைக் கொண்டுபோகிறீர்கள். சமவெளியில் பிறந்து வளர்ந்த உடம்பு. அம்மாவுக்குத் தலை பிளந்தது. பக்கத்து இருக்கை மாமி வாந்தி எடுத்தார். "பெருமாள் சோதிக்கிறார்" என்று உங்கள் ஆள் சொன்னாராம். பெருமாள் சோதிக்கவில்லை சார், உங்கள் டைம் டேபிள் சோதித்தது.

வழியில் 2,800 மீட்டரில் கக்பேனி இருக்கிறது. அங்கே ஒரு இரவு தங்கினால் உடம்பு பழகும். அந்த ஊரும் லேசுப்பட்டதில்லை. காளி கண்டகியில் சிற்றாறு வந்து கலக்கும் சங்கமம், பித்ரு காரியம் செய்ய நேபாளிகள் தேடி வரும் இடம். உங்கள் குழுவில் பாதிப் பேர் அதைக் கேட்டாலே தங்கச் சம்மதிப்பார்கள். மண்சுவர் வீடுகளுக்கு அடியில் குனிந்து போகும் சந்துகள், 1429இல் தொடங்கிய செந்நிறக் கோம்பா, நடுமதியத்துக்கு முன்பே பள்ளத்தாக்கில் கிளம்பி ஆளைத் தள்ளும் காற்று. அந்தக் காற்றால்தான் ஜொம்சோம் விமானமெல்லாம் காலையிலேயே முடிந்துவிடுகிறது.

ஏறுவதற்கு ஜீப், இறங்குவதற்குக் கால் என்று ஒரு ஏற்பாடு செய்து பாருங்களேன். முக்திநாத்திலிருந்து ஜார்கோட் வழியாகக் கக்பேனிக்கு நடை முழுக்க இறக்கம்தான். திருவண்ணாமலையில் கிரிவலம் போகிற மாமாக்களும் மாமிகளும் காலையில் கிளம்பினால் காற்றுக்கு முன் சேர்ந்துவிடுவார்கள். முடியாதவர்களுக்கு ஜீப் இருக்கவே இருக்கிறது. ஆழ்வார் அடையச் சொன்ன ஊரில் ஒரு காலை நேரமாவது நடந்தோம் என்றிருக்கும்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சமையல்காரரையும் சாம்பார் பொடியையும் மலை ஏற்றுகிறீர்கள், வயதானவர்களுக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வேளை தகாலி வீட்டுச் சாப்பாடு போடுங்கள். சோறு, பருப்பு, நெய், கீரை, உருளைக்கிழங்கு, ஊறுகாய். சைவமாகவே கிடைக்கும், திரும்பத் திரும்பப் பரிமாறுவார்கள். திபெத்து உப்புக்குக் கீழ்நாட்டுத் தானியத்தை மாற்றிக்கொண்டிருந்த தகாலிகள், அந்த வணிகம் நொடித்த பிறகு வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டே பேர் வாங்கியவர்கள். கொஞ்சம் கீழே மார்பாவில் கல் பாவிய தெருவுக்கு அடியில் சாக்கடை ஓடுகிறது. மேலே வெள்ளையடித்த வீடுகள், ஆப்பிள் தோட்டங்கள். அங்கேயும் உங்கள் ஜீப்புகள் ஒன்றுக்குப் போக மட்டும் நிற்கின்றன.

காத்மாண்டுக்கு வருகிறேன். இரண்டு நாள் ஒரு நாளாகச் சுருங்கி, அந்த ஒரு நாளில் ஐந்து இடம். பள்ளத்தாக்கில் யுனெஸ்கோ 1979இல் பட்டியலில் சேர்த்தது ஏழு வளாகங்கள்; அதில் ஐந்தைக் காலை எட்டிலிருந்து மாலை ஆறரைக்குள் முடித்தோம். பசுபதிநாதர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதிய நடை சாத்தியிருந்தது. கர்நாடகத்திலிருந்து வரும் பட்டர்கள்தான் அங்கே மூலவருக்குப் பூஜை செய்கிறார்கள் என்ற சுவையான விஷயத்தை மூடிய கதவுக்கு வெளியே நின்று கேட்டோம். பௌத்தநாத்தில் மாலை விளக்கேற்றும் நேரத்தில் திபெத்தியப் பெரியவர்கள் தூபியைச் சுற்றி வருவதுதான் காட்சி. நாங்கள் போனது உச்சி வெயிலில். பக்தபூரின் ஐந்தடுக்கு ந்யாதபோலா கோயில் 1702இல் கட்டியது, 1934 நிலநடுக்கத்துக்கும் 2015 நிலநடுக்கத்துக்கும் விழாமல் நின்றது. அதை நாங்கள் வேன் ஹாரன் அடிக்க அடிக்கப் பார்த்தோம்.

ஐந்தை இரண்டாக்குங்கள். காத்மாண்டின் தமேல் பகுதி ஹோட்டலுக்குப் பதில் பக்தபூரிலேயே ஒரு இரவு தங்க வையுங்கள். பகல் கூட்டம் வெளியேறிய பிறகு அந்த ஊர் ஊராகிறது. சத்திரத் திண்ணையில் பெரியவர்கள் மத்தளமும் தாளமுமாக உட்கார்ந்து பாடுகிறார்கள், குயவர் சதுக்கத்தில் பானைகளை அடுக்கி வைக்கிறார்கள், மண்சட்டியில் ஜுஜு தௌ என்னும் கெட்டித் தயிர் விற்கிறார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? விமானம் ஒரு நாள் தள்ளிப்போன இரண்டு பேர், நானும் ஒரு சேலத்துப் பெண்ணும், குழு கிளம்பிய பிறகு பேருந்து பிடித்துத் திரும்பிப் போனோம்.

நாள் கூடினால் விலை கூடும், லீவு கிடைக்காது என்பீர்கள். நான் கூடுதல் நாள் கேட்கவே இல்லை. பொக்காராவில் 'ஃப்ரீ டே' என்று படகும் ஷாப்பிங்குமாகப் போன ஒரு நாளை எடுத்து முக்திநாத்துக்கும் கக்பேனிக்கும் கொடுங்கள். நடை தொடங்கும் முன் அனுமதிச் சீட்டுக்காகக் காத்மாண்டில் எப்படியும் ஒரு நாள் கிடக்கிறோமே, பசுபதிநாதரை அந்த அதிகாலையில் வையுங்கள். மனாங்கில் பிராகா சாவிக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். கைடுக்குத் தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் பேசக் கொடுங்கள், கேட்க எல்லோரும் உட்கார மாட்டார்கள், பரவாயில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு. அந்த நீலச்சுடரைப் பார்க்காமல் வந்தது அவருக்கு ஆறவில்லை. வருகிற ஐப்பசியில் நாங்கள் இருவரும் சேர்ந்து போவதாக இருக்கிறோம். உங்களில் யாருடைய தாளில் கக்பேனியில் இரண்டு இரவும் முக்திநாத்தில் ஒரு முழுப் பகலும் இருக்கிறதோ, அவர்களுக்கு மறுநாளே முன்பணம் அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து, உங்கள் பழைய பயணி ஒருத்தி